கிணற்றுக்குச் சொந்தக்காரரிடம் பதில் சொல்ல ஒரு நாள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் கல்விப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து வந்த சுற்றறிக்கையைத் துறையின் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றபடியே மூன்று முறை படித்தேன். ஆய்வைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்வதற்காக ஆய்வு மாணவர்களுக்கு நடந்துவந்த இரண்டு நாள் பயிற்சி இனி இல்லை என்கிறது அது. ஊர்க் கூட்டத்திலோ பள்ளியிலோ ஆய்வைப் பற்றிப் பேசப் போகும் நாள் களப்பணி நாளாகக் கணக்கில் வராது, விடுப்பு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்கிறது. எங்கள் துறையில் ஆய்வேட்டின் கடைசியில் சேர்த்துவந்த இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தையும் நீக்கச் சொல்கிறது, அது நிர்ணயித்த வடிவத்தில் இல்லையாம். இத்தனைக்கும் காரணமாக ஒரே ஒரு வரி: ஆய்வாளர்களின் நேரம் ஆய்வுக்கும் ஆய்விதழ் வெளியீட்டுக்கும் மட்டுமே உரியது.

அந்த வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. துறை வழியாக முறைப்படி எழுதிய கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் இல்லை. என் பெயரும் பதிவெண்ணும் அந்தக் கடிதத்தில் இருக்கின்றன. இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் ஆய்வு, கரையோரத்தில் நிலத்தடி நீர் உப்பாவதைப் பற்றியது. முழுநேர ஆய்வாளராக இது ஐந்தாம் ஆண்டு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கரையில் 38 கிணறுகளிலும் அடிபம்புகளிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீர் எடுத்துச் சோதிக்கிறேன். அவற்றில் ஒன்று, ஓலைக் கொட்டகைக்குப் பின்னால் உறை இறக்கிய சிறு கிணறு. கருவாடு விற்கும் ஓர் ஆயாவுக்குச் சொந்தம். எழுபது வயதைத் தாண்டியவர். நான் போகும்போதெல்லாம் வாளியைத் தாமே இறக்குவார். முதல் வாளியைக் கீழே கொட்டிவிட்டு இரண்டாவது வாளியிலிருந்து என் பாட்டிலை நிரப்புவார். முதல் நீரைக் கழித்துவிட வேண்டும் என்று நான் ஒரே ஒரு தடவைதான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஐந்தாவது முறை போனபோது அவர் கேட்டார்: “என் கிணற்றுத் தண்ணீரை நான்கு தடவை எடுத்துக்கொண்டு போனாய், பாப்பா. அது என்ன சொன்னது?”

நான் பதில் சொன்னேன். மின்கடத்துத் திறன் என்றேன், கரைந்துள்ள திண்மங்களின் மொத்த அளவு என்றேன், பருவத்துக்கு ஏற்ப மாறுபடுகிறது என்றேன். பாதிச் சொற்கள் ஆங்கிலம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி. இதில் சோறு வடிக்கலாமா, கூடாதா? பேத்திக்குக் குடிக்கக் கொடுக்கலாமா?” என்றார்.

என்னால் சொல்ல முடியவில்லை. எண்கள் என்னிடம் இருந்தன. அந்தக் கிணற்றில் மாசி மாதம் லிட்டருக்கு 900 மில்லிகிராம், ஆனி மாதம் 1,700 மில்லிகிராம் கரைந்திருந்தது என் ஏட்டில் இருந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் 500 வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆயாவின் கிணறு இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றது. அந்த ‘நடுவே’ என்பதை, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம், பொய் கலக்காமலும் பயமுறுத்தாமலும் எப்படிச் சொல்வது என்று எனக்கு யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை. “பேராசிரியரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன், ஆயா” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பேராசிரியரிடம் நான் கேட்கவே இல்லை. என்னவென்று கேட்பது?

அடுத்த முறை போனபோது அதே தெருவில் நான்கு குடும்பங்கள் கூட்டாகச் சேர்ந்து 120 அடிக்கு போர் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் அதற்காகத் தாலிச் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று போர் போட வந்தவர் சொல்லியிருக்கிறார். உள்நாட்டில் பல இடங்களில் அது சரி. அந்தத் தெருவில் சரியல்ல. அங்கே மணலுக்குள் இறங்கிய மழைநீர், கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதக்கிறது. 40 அடிக்குக் கீழே உப்பு தொடங்கிவிடுகிறது. அதற்கும் வெகு ஆழத்தில், களிமண் அடுக்கைத் தாண்டி, இந்த ஊரின் பெயரையே தாங்கிய கடலூர் மணற்கல் அடுக்கில் மறுபடியும் நல்ல நீர் உண்டு. ஆனால் அவ்வளவு ஆழத்துக்குக் குழாய் இறக்க நான்கு குடும்பங்களின் கைக்காசு போதாது. 120 அடி என்பது நேராக உப்புக்குள் போய் நிற்கும் ஆழம். மோட்டார் போட்ட முதல் வாரமே அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை.

எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு என்று வண்ணம் தீட்டிய குறுக்குவெட்டுப் படம், அந்த போர் போடுவதற்கு ஏழு மாதம் முன்பே என் மடிக்கணினியில் இருந்தது. ஒரு கருத்தரங்கில் அதைக் காட்டிப் பாராட்டும் வாங்கியிருந்தேன். அந்தத் தெருவுக்கு மட்டும் அது போகவில்லை. சுற்றறிக்கையில் ‘ஆய்வாளர்களின் நேரம்’ என்ற சொற்களைப் படித்தபோது எனக்கு அந்த ஏழு மாதங்கள்தான் நினைவுக்கு வந்தன.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். அம்மா மீன்கூடை சுமந்து என்னைப் படிக்க வைத்தார். கல்லூரியில் சேர்ந்த பிறகு பத்து ஆண்டுகளாகப் பாடம், தேர்வு, கட்டுரை எல்லாமே ஆங்கிலம். அதைக் குறை சொல்ல வரவில்லை. உலகம் படிக்கும் மொழியில் எழுதத்தான் வேண்டும். ஆனால் நான் நாள் முழுதும் எதைத் தேடி அலைகிறேன் என்று அம்மா கேட்டபோது சொல்வதற்கு என்னிடம் ஒரு சொல் இல்லை. கலைச்சொல் அகராதியைப் பார்த்து ‘நீர்கொள் படுகை’ என்றேன். அம்மாவுக்கு அதுவும் இன்னொரு ஆங்கிலமாகத்தான் கேட்டது. நான் கையை ஆட்டி விளக்கி முடித்ததும் அவரே சொன்னார்: “ஊற்று ஓடுகிற மணலைச் சொல்கிறாயா?” ஆமாம் அம்மா, அதேதான்.

இப்படிப்பட்ட சொற்களை எங்கே போய்த் தேடுவது, யாரிடம் கேட்பது என்பதைச் சொல்லித் தந்தது தாங்கள் இப்போது நிறுத்தியிருக்கும் அந்தப் பயிற்சிதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அது முதல் முறையாக நடந்தபோது நான் மூன்றாம் ஆண்டில் இருந்தேன். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கானது என்றாலும் இடம் கேட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நடத்தியவர்கள் இருவர். ஒருவர் வானொலியில் பல ஆண்டுகள் உழவர்களுக்கான நிகழ்ச்சி நடத்தி ஓய்வு பெற்றவர். இன்னொருவர் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை. எங்கள் மடிக்கணினிகளை மூடி வைக்கச் சொன்னார்கள். முன்வரிசையில் விடுதிச் சமையல்காரர், இரவுக் காவலாளி, நூலகத்தில் புத்தகம் அடுக்கும் அக்கா, தோட்டக்காரர் என நால்வரை உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். பேசி முடித்ததும் நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் பேச்சிலிருந்து தமக்கு என்ன புரிந்தது என்பதை அந்த நால்வரும் திருப்பிச் சொல்வார்கள்.

என் பேச்சைக் கேட்ட சமையல்காரர், “இந்தப் பாப்பா கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக மாற்றுகிறது” என்றார். நான் மூன்று நிமிடமும் அதற்கு நேர்மாறானதைச் சொல்லியிருந்தேன். எந்தக் கருத்தரங்கிலும் எந்த நடுவரும் எனக்கு இவ்வளவு தெளிவாக என் குறையைக் காட்டியதில்லை.

மூன்று நிமிட முறை அவர்கள் உண்டாக்கியதல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டு தொடங்கிவைத்த போட்டி அது. ஒரே ஒரு படம், மூன்று நிமிடம், துறை தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும். இன்று பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் அதை நடத்துகின்றன. அது பிறந்த கதை, தண்ணீரை ஆராயும் எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். அப்போது குயின்ஸ்லாந்தில் கடும் வறட்சி. குளியலை மூன்று நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக மக்கள் குளியலறைச் சுவரில் மூன்று நிமிடம் காட்டும் சிறு கடிகாரத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கடிகாரத்திலிருந்து வந்த யோசனைதான் இது.

இரண்டாம் நாள் முழுவதும் அளவுகள். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதைக் குடக்கணக்குக்கு மாற்றச் சொன்னார் ஆசிரியை. பதினைந்து லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் என்றால் குடத்துக்கு 30 கிராம், ஏறக்குறைய ஒரு கைப்பிடி. 500 என்றால் ஏழரை கிராம், ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அப்படியானால் ஒரு குடம் கடல்நீரில் அரைக்கிலோவுக்கு மேல். நீரில் கரைந்திருப்பதெல்லாம் சமையல் உப்பு அல்ல, இப்படிச் சொல்வது பிழை என்று நான் மறுத்துப் பேசினேன். “அதையும் சொல். ஒரே வாக்கியத்தில் சொல்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

மறுமாதம் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் அனுமதி பெற்று, அந்த ஊர் மாரியம்மன் கோயில் திடலில் கூட்டம் வைத்தேன். மூன்று குடங்களில் மூன்று அளவு உப்பைக் கரைத்து வைத்தேன். முதல் இரண்டையும் பெண்கள் விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாவதைத் தொடாமலேயே “இது நம் ஊர்க் கடல்” என்றார்கள். நன்னீர் கடல்நீரைவிட இலேசானது, அதனால் மேலே மிதக்கிறது, கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால்தான் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பு வராமல் அழுத்திப் பிடித்திருக்க முடியும் என்று சொன்னேன். அந்தத் தெருவில் நிற்பதே ஓர் அடிதான். கரும்பலகையும் சமன்பாடும் தேவைப்படவில்லை. எவ்வளவு பாரம் ஏற்றினால் படகு எவ்வளவு அமிழும், இறக்கினால் எவ்வளவு எழும் என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கைப்பழக்கம். பின்வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் எனக்கு முன்னால் முடித்துவிட்டார்: “அப்படியென்றால் மேலே ஓர் அடியை இறைத்துவிட்டோமானால் கீழே நாற்பது அடி ஏறி வந்துவிடும்.” இதே கணக்கை விளக்க என் ஆய்வேட்டில் நான்கு பக்கம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் கலையும் நேரத்தில் ஒரு பெண் வந்து, அதே தெருவில் தன் வீட்டுக் கிணற்றில் விடியற்காலையில் மோட்டார் போட்டால் தண்ணீர் பரவாயில்லை, சாயங்காலம் போட்டால் வாயில் வைக்க முடியவில்லை, ஏன் என்று கேட்டார். நான் அசந்து நின்றேன். இரண்டு ஆண்டுகளாக பஸ் நேரத்துக்குத் தக்கபடி பகல் பதினொரு மணிக்கு மேல்தான் நான் நீர் எடுத்து வந்திருந்தேன். பகலெல்லாம் இறைக்கும்போது உப்பு கூம்பு போல மேலே எழும்பி, இரவில் ஓய்வு கிடைக்கும்போது மெல்லத் தணிகிறது என்பது பாடநூலில் உள்ளதுதான். அதை அந்தத் தெருவில் அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு விடியற்காலையிலும் மாலையிலும் எடுத்த அளவுகள் இன்று என் ஆய்வேட்டில் ஒரு தனிப் பகுதியாக நிற்கின்றன. ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கும் கட்டுரையும் அந்தப் பகுதியிலிருந்து வந்ததுதான். ஊருக்குப் போன அந்த ஒரு மாலை என் ஆய்வு நேரத்தைத் தின்றுவிட்டதா, வளர்த்ததா என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.

ஆயாவுக்கும் அன்று பதில் சொன்னேன். “மழை முடிந்து மாசி வரைக்கும் இந்தத் தண்ணீர் பொறுக்கும். பங்குனிக்கு மேல் உப்பு ஏறுகிறது, அப்போது பேத்திக்குத் தெருக்குழாய்த் தண்ணீரே கொடுங்கள். நான் உப்பை மட்டும்தான் அளந்தேன், ஆயா, கிருமி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. எந்த மாதமானாலும் காய்ச்சிக் குடியுங்கள்.” அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதைச் சொல்வதற்கா பாப்பா உனக்கு ஒரு வருடம் ஆனது?” என்றார்.

அறிந்தவர் சொல்லில் ஆபத்து உண்டு, பத்திரிகைகளும் கைபேசிகளும் திரித்துவிடும், அதனால் ஆய்வாளர்கள் பேசாமல் இருப்பதே நல்லது என்று பேரவையில் சிலர் கருதுவதாக அறிகிறேன். இந்த அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. அதன் விலையை என் வீடே கொடுத்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வாளர், சில மீன்களின் குடலில் நெகிழித் துகள்களைக் கண்டதாக ஒரு மேடையில் சொன்னார். வாய்க்கு வாய் தாவும்போது ‘குடல்’ என்ற சொல் உதிர்ந்துவிட்டது. ‘மீனில் பிளாஸ்டிக்’ என்று கைபேசிகளில் பரவியது. ஒரு வாரம் என் அம்மா பாதிக் கூடையோடு வீடு திரும்பினார். அந்த ஆய்வாளர் பொய் சொல்லவில்லை. குடலை எடுத்து எறிந்துவிட்டுத்தானே நாம் மீனைச் சமைக்கிறோம் என்ற ஒரு வாக்கியத்தை அவர் சேர்த்திருக்க வேண்டும். எந்த வாக்கியம் உதிர்ந்தால் எது கவிழும் என்று முன்கூட்டியே பார்க்கப் பழகியிருந்தால் சேர்த்திருப்பார். அவரை யாரும் பழக்கவில்லை. திரிபுக்கு அஞ்சும் பல்கலைக்கழகம் பயிற்சியைக் கூட்டியிருக்க வேண்டும், தாங்களோ நிறுத்தியிருக்கிறீர்கள். பயிற்சி இல்லாவிட்டாலும் நாங்கள் பேசத்தான் போகிறோம். ஊரில் கேட்கிறார்கள். வீட்டில் கேட்கிறார்கள்.

அறிவியல் செய்தியை மக்கள் மொழியில் கொண்டுசேர்ப்பதற்கு வெளியூர் உதாரணம் எதுவும் நமக்குத் தேவையில்லை. 1998ஆம் ஆண்டு முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கரையில் இருந்தபடியே கேட்டுவிட்டுக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று மீனவர்கள் முடிவு செய்தார்கள். நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ராவை ஒட்டிய கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். அலைச் செய்தி வாசித்துவந்த அதே ஒலிபெருக்கியில் ஊரைக் காலி செய்யச் சொல்லி அறிவித்தார்கள். மக்கள் உயிர் பிழைத்தார்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது. அதே கரையில், நல்லவாட்டுக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் ஊர். அங்கே அன்று எந்த ஒலிபெருக்கியும் பேசவில்லை. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. ஆனால் நான் ஏன் இந்தத் துறைக்கு வந்தேன், ஏன் இந்தச் சுற்றறிக்கையைச் சாதாரண அலுவலகத் தாளாகப் பார்க்க முடியவில்லை என்பது இப்போது தங்களுக்கு விளங்கும்.

விதிமுறை குறுக்கே நிற்கிறது என்றும் சொல்லப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளை நான் வரி வரியாகப் படித்தேன். எந்தத் துறையைச் சேர்ந்தவராயினும் எல்லா ஆய்வு மாணவர்களும் தம் பாடம் சார்ந்த கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நாங்கள் கேட்பது அந்த வரிக்குள் அடங்கும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2016 விதிமுறையில் இருந்த கட்டாயம் 2022இல் எடுக்கப்பட்டுவிட்டது. கட்டாயமில்லாத வெளியீட்டுக்காக, விதிமுறை கேட்கும் பயிற்சியை வெட்டியிருக்கிறீர்கள். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையே 2018இல் ‘அவ்சர்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, தம் ஆய்வைப் பொதுமக்களுக்கு விளங்கும் கதையாக எழுதும் முனைவர் பட்ட மாணவர்கள் நூறு பேருக்குத் தலா 10,000 ரூபாயும், அவர்களில் முதலாவதாக வருபவருக்கு ஒரு லட்சமும் அறிவித்தது. அரசு பணம் கொடுத்து வரவேற்றதை நாம் விடுப்பு எடுத்துச் செய்யச் சொல்கிறோம்.

தரவரிசைதான் உண்மையான காரணம் என்றால் அதையும் பேசிவிடலாம். தேசியத் தரவரிசையில் ஆராய்ச்சிக்கும் வெளியீடுகளுக்கும் நூற்றில் முப்பது. சமூகத்தை எட்டுவது, எல்லோரையும் உள்ளடக்குவது என்ற தலைப்பில் பத்து உண்டு. ஆனால் அதில் பார்க்கப்படுவது வெளிமாநில மாணவர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி போன்றவைதான். அவையும் வேண்டியவையே. ஓர் ஆய்வாளர் தன் முடிவை ஓர் ஊரில் போய்ச் சொன்னதற்கு அந்தக் கணக்கில் மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாத வேலையைப் பல்கலைக்கழகம் செய்யக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

தமிழ்ச் சுருக்கத்தை நீக்கச் சொன்னது எனக்கு எல்லாவற்றையும்விடக் கூடுதலாக வலித்தது. அது இரண்டே இரண்டு தாள். செலவு எதுவுமில்லை. ஆய்வேட்டைத் திறந்த எவரும் அந்தப் பக்கங்களைப் பார்த்துத் தடுமாறியதாகத் தெரியவில்லை. எங்கள் வாய்மொழித் தேர்வுகளைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். பொது வாய்மொழித் தேர்வு என்றுதான் அழைப்பிதழில் அச்சிடுகிறோம். கடைசி வரிசையில் புதுச் சேலையும் வேட்டியுமாக அப்பாவும் அம்மாவும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். முடிந்ததும் பொன்னாடை, இனிப்பு, காபி. என் தோழியின் அப்பா கடலூர் துறைமுகத்தில் நாற்பது ஆண்டு தொழில் செய்தவர். மகள் இறால் நோய் பற்றிப் பேசுவதை ஒரு சொல்லும் விளங்காமல் கேட்டுவிட்டு, கைதட்டும்போது தாமும் தட்டினார். ஊர் திரும்பும் பஸ்ஸில் அந்த இரண்டு தாளையும் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். முதுநகர் வந்து இறங்கும்வரை மகளிடம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாராம்.

இனி என் கோரிக்கைகள். அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். இரண்டு நாள் பயிற்சியை எல்லாத் துறை மாணவர்களுக்கும், முதலாம் ஆண்டுப் பாடநெறிக்குள்ளேயே, மதிப்பலகு (கிரெடிட்) கொடுத்து வையுங்கள். ஆய்வு முடிவுகள் கையில் வந்திருக்கும் மூன்றாம் ஆண்டில் அதை இன்னொரு முறை நடத்துங்கள். முதலாம் ஆண்டில் சொல்வதற்கு எங்களிடம் விருப்பம் மட்டுமே இருக்கும். மூன்றாம் ஆண்டில்தான் சொல்லியாக வேண்டியது இருக்கும். பயிற்சி தருபவர்களைப் பேராசிரியர்களிடையே மட்டும் தேடாதீர்கள். வானொலியில் பேசியவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கிராமச் செவிலியர்கள் நம்மைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க நம் வளாகத்திலேயே வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், அன்றைய ஊதியம் குறையாமல் அவர்களை உட்கார வையுங்கள்.

மனிதர்களின் நிலத்திலோ நீரிலோ உடலிலோ வாழ்க்கையிலோ தகவல் எடுத்துச் செய்யப்படும் ஒவ்வோர் ஆய்விலும், ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் அந்த ஊருக்குப் போய் முடிவைச் சொன்னதற்கான பதிவு ஒன்றை ஆய்வுக் குழு கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன். ஒரு பக்கம் போதும். எந்த நாள், எத்தனை பேர் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எழுதினால் போதும். ஆண்டுக்கு நான்கு நாட்கள் வரை இதற்குக் களப்பணி நாளாக வருகைப் பதிவு கொடுங்கள். தமிழ்ச் சுருக்கத்தை எங்கள் துறைக்கு அனுமதிப்பதோடு நிற்காமல், எல்லா ஆய்வேடுகளுக்கும் உரிய பகுதியாக ஆக்குங்கள். வேற்று மாநில, வேற்று நாட்டு மாணவர்களுக்கு அதை எழுத மொழித்துறையின் துணை கிடைக்கச் செய்யுங்கள். மக்களிடம் சொல்ல அஞ்சும் ஆய்வு நெறியாளர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி வேண்டும். எங்களில் பலரைத் தடுப்பது அவர்களுடைய மறுப்பைவிட அவர்களுடைய தயக்கம்தான்.

கடைசியாக, எனக்கென்று ஒன்று. நான்கு ஆண்டுகளின் முடிவுகளையும் சொல்வதற்கு அந்த ஊர்ப் பஞ்சாயத்தார் தொழிலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, புரட்டாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையை எனக்கு ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் போர் போடுவதா, பழைய கிணறுகளைத் தூர்வாரி மழைநீரை உள்ளே விடுவதா என்று அவர்கள் அன்று முடிவெடுக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமையை எனக்குக் களப்பணி நாளாகப் பதிவு செய்து, அதற்கான எழுத்துமூல அனுமதியை ஆவணி முடிவதற்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். தங்களில் எவரேனும் அன்று வருவதானால் மாலை ஐந்து மணிக்கு மாரியம்மன் கோயில் திடலுக்கு வாருங்கள். ஆயா முன்வரிசையில் இருப்பார்.

இப்படிக்கு,
ஐந்தாம் ஆண்டு முழுநேர ஆய்வாளர்,
கடலூர்.